வலை கிழிந்த இடம்

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்டால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். எந்தப் பரிசு வாங்கினேன், எந்த நாட்டுக்குப் போனேன், அங்கே எவ்வளவு குளிர். அதெல்லாம் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. திருவொற்றியூர் பக்கம் வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், டீயும் போட்டுத் தருகிறேன். இங்கே நான் எழுதப்போவது நடக்காமல் போன காரியங்களைப் பற்றி. நம் தொழிலில் அவைதான் அதிகம் என்பது இன்னும் கொஞ்ச நாளில் உங்களுக்கே புரிந்துவிடும்.

நம் வேலை என்ன என்று என் தம்பி ஏழுமலை ஒருமுறை கேட்டான். அவன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். நான் சொன்னேன்: உடம்புக்குள்ளும் கிருமிக்குள்ளும் வேலை செய்கிற புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடிக்கிறோம். அது கண்ணுக்கும் தெரியாது, சாதாரண மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாது. அதனால் கோடிக்கணக்கான புரதங்களைக் கல்கண்டு மாதிரி வரிசையாக அடுக்கி உட்கார வைக்கிறோம். அதுதான் படிகம். அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சிதறி விழும் புள்ளிகளை வைத்து எந்த அணு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அத்த ஒரு எடத்துல குந்த வெக்கிறதுதான் பேஜாரா அக்கா?” என்றான். ஆமாம், அதுதான் பேஜார். நாற்பது பக்கத்தில் நான் எழுதிய முன்னுரைகளில் கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

உட்கார்ந்து, உருவமும் தெரிந்துவிட்டால், அதை உலகத்துக்கே பொதுவான ஒரு தரவு வங்கியில் போட்டுவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். மருந்து செய்கிறவர் எடுப்பார், வாத்தியார் எடுப்பார், பள்ளிக்கூடப் பிள்ளை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். நம் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. வங்கிக்குப் போவது ஜெயித்தது மட்டும். உட்கார மறுத்த புரதம், பாலாய்த் திரிந்த கரைசல், படிகம் வளர்க்க வைத்து வீணாய்ப் போன தட்டு எல்லாம் குப்பைக்குப் போகும். அடுத்த ஊரில் அடுத்தவர் அதே தட்டை அதே மாதிரி வீணாக்குவார்.

தேன்மொழி என் கடைசி மாணவிகளில் ஒருத்தி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. அப்பா ரயில்வேயில் வேலை, அம்மா ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் வடிந்த பிறகு அந்த அம்மாவுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சிறுநீரகம் நின்றுபோய், பிழைப்பாரா மாட்டாரா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெண்தான் பிறகு என்னிடம் வந்து, அந்தக் கிருமியின் புரதத்தில்தான் வேலை செய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அம்மா பிழைத்துக்கொண்டார். மகளுடைய புரதம்தான் உயிரை எடுத்தது.

எலிக்காய்ச்சல் கிருமி நம் சிறுநீரகத்தைப் பற்றிக்கொள்வதற்குத் தன் மேல்பரப்பில் ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. கை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கை எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் பிடியை விடுவிக்க வழி தேடலாம். புரதம் நீளமான சங்கிலி என்பதால் முழுசாக எடுக்க முடியாது, வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வோம். எங்கே வெட்டுவது என்று முதலில் யாரோ ஒருவர் ஒரு கட்டுரையில் எழுதியிருப்பார். அதற்கப்புறம் வருகிற எல்லாரும் அதே இடத்தில் கத்தி வைப்போம். கேட்க மாட்டோம். பெரியவர் வெட்டிய இடம், சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு. இது நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

தேன்மொழியும் அங்கேதான் வெட்டினாள். கரைசல் திரிந்துபோனது. உப்பை மாற்றினாள், சூட்டை மாற்றினாள், தட்டுத் தட்டாகப் போட்டாள். திரிந்த பால்தான். இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கணினியே உருவத்தை ஊகித்துத் தருகிற வசதி அப்போது எங்கள் கைக்கு வரவில்லை, அதனால் சிரிக்காதீர்கள். கடைசியில் ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்து, கட்டுரையில் சொன்னதைவிடச் சங்கிலியை இரண்டு பக்கமும் நீட்டி வெட்டினாள். கரைசல் கண்ணாடியாய் நின்றது. முதலில் வெட்டியவர் ஒரு மடிப்பின் நடுவிலேயே கத்தியை வைத்திருக்கிறார். அத்தனை வருஷமாக அந்தப் புரதத்தைத் தொட்ட எல்லாரும் உடைந்த கையை வைத்துக்கொண்டு அது ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்திருக்கிறோம்.

அவளுடைய ஃபெலோஷிப் முடிவதற்குச் சில மாதங்களே இருந்தன. அந்தச் சமயத்தில்தான் பிரேசிலிலிருந்து ஒரு மெயில் வந்தது.

எழுதியவன் அங்கே இவளைப் போலவே ஒரு ஆராய்ச்சி மாணவன். இவள் ஒரு மாநாட்டில் வைத்த போஸ்டரைப் பார்த்திருக்கிறான். நானும் இதே புரதத்தில் இருக்கிறேன், என்ன செய்தாலும் கரைசல் திரிந்துபோகிறது, உங்களுக்கும் அப்படித்தானா, என் கைடு இந்த வேலையையே நிறுத்தச் சொல்கிறார் என்று எழுதியிருந்தான். எங்கள் ஊரிலும் மழை பெய்தால் தாழ்ந்த இடத்து ஜனங்கள்தான் சாகிறார்கள் என்று கடைசியில் ஒரு வரி.

துறைத் தலைவரிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர், பயந்த சுபாவம். “பதில் போடாதீங்க மேடம். பேப்பர் வர்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. அவங்க ஊர்லயே எக்ஸ்ரே வசதி இருக்கு. நாம மெஷினுக்கு வெளிநாட்டுல வரிசையில நிக்கிறோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் ஒரே ஓட்டத்துல முடிச்சிடுவான். இந்தப் பொண்ணு தீசிஸ் என்னாகும்?” என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். அந்தப் புரதத்தின் உருவம் வேறு யாரிடமிருந்தாவது முதலில் வந்துவிட்டால் தேன்மொழியின் அத்தனை வருஷமும் ‘ஏற்கெனவே செய்தாயிற்று’ என்ற ஒரே வார்த்தையில் போய்விடும். தீசிஸ் நிற்காது, அதற்கப்புறம் வேலையும் கிடைக்காது. சொல் என்று நான் சொன்னால் பெருந்தன்மை என்னுடையது, நஷ்டம் அவளுடையது. நீங்கள் கைடு ஆகும்போது இதை நினைவில் வையுங்கள். அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துத் தானம் செய்வது ரொம்பச் சுலபம். அதனால் நான் மெயிலை அவளிடம் கொடுத்து, நீயே முடிவு பண்ணு என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு வாரம் அதைத் திறந்து திறந்து படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். காலையில் இருவருமாகக் காசிமேட்டுக்குப் போனோம். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. சங்கராவும் வஞ்சிரமும் தரையில் குவியல் குவியலாகக் கொட்டிக் கிடந்தன. யார் வேண்டுமானாலும் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், ஏலம் எடுக்காதவனும் பார்க்கலாம். தேன்மொழி மீன் தண்ணீரில் செருப்பு வழுக்காமல் நடப்பதிலேயே குறியாக இருந்தாள். சங்கரா வாங்கிக்கொண்டு வந்து நான் குழம்பு வைத்தேன்.

ஏழுமலை சாப்பிட வந்தான். முகத்தில் ஒரே பூரிப்பு. என்னடா என்றேன்.

“பாஸ்கரு கீறான்ல அக்கா, போட்டு கட்ற எடத்துக்காக என் சட்டையப் புடிச்சானே, அவன் நேத்து எல்லா போட்டுக்கும் கேக்குற வயர்லெஸ்ல கூப்டான். டேய் ஏயுமல, நீ போய்கினு கீற ரூட்ல ஒரு ஒடஞ்ச போட்டு முங்கிக் கெடக்குது, என் வலை பூரா கியிஞ்சிச்சி, நம்பர் குறிச்சிக்கோன்னு ஜிபிஎஸ் நம்பரச் சொல்றான். நான் திருப்பலன்னா என் வலையும் பூட்டுருக்கும்.”

“சண்டக்காரருதானே? ஏன் சொன்னாரு?” என்று தேன்மொழி கேட்டாள்.

அவளை ஏதோ குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். “இன்னாம்மா நீ. அது வேற, இது வேற. மீனு அவன் அவன் நேரம். வலையக் கியிக்கிறது எதுன்னாலும் எங்களுக்குக் கல்லுதான், அது எல்லார்க்கும் பொது. அத்தப் போயி ஆரும் மறைக்க மாட்டாங்கோ.”

“அப்ப மீன் எங்க கீதுன்னும் சொல்லுவீங்களா?”

ஏழுமலைக்குச் சோறு புரையேறிவிட்டது. “அத்த கேட்டா, ஒண்ணியும் கெடக்கல மாமு, சொம்மா சுத்திகினு கீறோம்னு சொல்லுவோம். ஐஸ் பெட்டி ரொம்பி வயிஞ்சிகினு கெடக்கும்.”

மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எனக்கு இது பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம். எங்கள் குப்பத்தில் அப்பா காலத்தில் வயர்லெஸ் கிடையாது, கட்டுமரத்திலிருந்து துண்டை வீசிக் காட்டுவார்கள். ஆனாலும் அந்த மெயிலையும் இந்த வழக்கத்தையும் நான் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்று இரண்டே கதவுகள் இருப்பதாக நினைத்து, நானும் ஒரு வாரமாகக் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவளை ரயிலேற்றப் போனேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் வண்டி தாமதம். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

“மேடம், அந்தப் பையன் கேட்டது மீன் இல்ல. கல்லுதான் கேட்டான்.”

“அப்படின்னா?”

“எங்க வெட்டினா ஒடையுதுன்னு சொல்லிடலாம். அது கல்லு. படிகம் எந்தக் கரைசல்ல வருது, கூட எத்த சேத்து வெச்சிருக்கோம்னு சொல்ல வேணாம். அது என் மீனு.”

அவள் சேர்த்து வைத்திருந்தது சிறுநீரகப் பக்கத்துத் துண்டு ஒன்று. கை மட்டும் இல்லாமல், கை எதைப் பிடிக்கிறதோ அதையும் சேர்த்தே படிகமாக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் தவிர யாருக்கும் அது தெரியாது.

“சரி, அவனுக்கு எழுதிடு” என்றேன்.

“அவனுக்கு மட்டும் எழுதினா அது ரெண்டு பேர் கூட்டு மேடம். எல்லார்க்கும் சொன்னாத்தான் வயர்லெஸ்.”

கல் இருக்கும் இடத்தைச் சொன்னால் அதைச் சுற்றிக்கொண்டு போகிறவன் வேகமாகப் போய்விடுவான் என்றேன். அவர்களிடம் வசதி இருக்கிறது, உன்னிடம் மாசங்கள்தான் இருக்கின்றன என்றேன். துறைத் தலைவர் சொன்னதையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

“தெரியும் மேடம். பயமாத்தான் கீது. ஆனா அங்கயும் எங்க அம்மா மாதிரி ஆளுங்க ஆஸ்பத்திரில படுத்துகினு இருப்பாங்க இல்ல? அதுக்குள்ள நாம எல்லாரும் ஒரே எடத்துல வலையக் கியிச்சிகினு இருந்தா எப்டி?” என்றாள். வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரமே பொதுவில் படிக்கும்படி ஒரு சின்னக் குறிப்பைப் போட்டாள். இந்தப் புரதத்தை இங்கே வெட்டாதீர்கள், வெட்டினால் இப்படித்தான் திரியும், நாங்கள் செய்து தோற்றவை இவை என்று எல்லாத் தோல்விகளையும் படத்தோடு வைத்தாள். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, “கையில இருந்ததக் கொண்டுபோய் ரோட்டுல வச்சிட்டீங்களே” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஜெயிக்காததை எழுதுவதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று வேறு சிலர் கேலி செய்தார்கள். பிரேசில் பையனிடமிருந்து மட்டும் உடனே பதில் வந்தது. நன்றி என்ற வார்த்தையை அவன் தமிழில் தேடிப் பிடித்து எழுதியிருந்தான்.

ஃபெலோஷிப் முடிந்தது. தேன்மொழி காலையில் ஆய்வுக்கூடம், மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் என்று ஓடினாள். கையும் அது பிடித்த துண்டும் சேர்ந்த படிகம் ஒருவழியாக வந்தது. வெளிநாட்டு மெஷினில் எங்கள் முறையும் வந்தது. புள்ளிகள் சுமாராக விழுந்தன. ஆனால் புள்ளிகளை வைத்து மட்டும் உருவத்தைப் போட்டுவிட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் சீக்கிரம் தெரியும். அதில் பாதி விவரம்தான் இருக்கிறது. மீதிப் பாதிக்கு, அதைப் போலவே இருக்கிற வேறொரு உருவம் முன்மாதிரியாக வேண்டும். அவளுடைய புரதத்தைப் போல் எதுவும் வங்கியில் இல்லை. வேறு வழிகளில் முயன்றோம், எதுவும் கைகொடுக்கவில்லை. முழுத் தட்டு சோறு எதிரில் இருந்தும் கை கட்டிப்போட்டிருக்கிற நிலைமை.

அப்போதுதான் பிரேசிலிலிருந்து இரண்டாவது மெயில் வந்தது. நீட்டி வெட்டினேன், படிகம் வந்தது, உருவம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ரயிலடியில் அவளைத் தடுத்து நிறுத்தியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவள் இடத்துக்குப் போனேன். அவள் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தாள். முகம் வெளுத்துப்போய் இருந்தது, ஆனால் கை கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கே வங்கில போட்டுட்டானாம் மேடம். பேப்பர் வர்ற வரைக்கும் பூட்டி வெக்கல. கடைசி வரிய நீங்க பாக்கலியா?”

நான் பார்க்கவில்லை. தோற்றுவிட்டோம் என்ற வரியோடு நிறுத்திவிட்டேன். வங்கியில் போடும்போது ஒரு கேள்வி வரும், உங்களுக்கும் வரும்: உடனே திறந்துவிடவா, கட்டுரை வெளியாகும் வரை பூட்டி வைக்கவா? முக்கால்வாசிப் பேர் பூட்டிவிடுவார்கள், தப்பும் இல்லை. அவன் திறந்து விட்டிருந்தான். அவனிடம் இருந்தது வெறும் கை. அவளிடம் இருந்தது பிடித்துக்கொண்டிருக்கிற கை. அவனுடைய உருவத்தை முன்மாதிரியாக எடுத்து அவளுடைய புள்ளிகளோடு பொருத்தினாள். இத்தனை நாள் வாயைத் திறக்காத கணக்கு அந்த மத்தியானமே திறந்துகொண்டது. திரையில் கை தெரிந்தது. விரல்களுக்கு நடுவில், நாங்கள் எங்கே எதிர்பார்த்தோமோ அங்கே, ஒரு துண்டு.

அவள் குதிக்கப் போனாள். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். இங்கே என் கைடைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மாணவியாக இருந்தபோது ஒரு நொதியின் குழிக்குள் மருந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஆய்வுக்கூடம் முழுக்க மிட்டாய் கொடுக்கக் கிளம்பினேன். அவர் மிட்டாயை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “மருந்தை அழித்துவிட்டு, அது இல்லை என்று நினைத்துக் கணக்கை மறுபடி போடு. அப்போதும் தெரிந்தால் இதைச் சாப்பிடுகிறேன்” என்றார். மறுபடி போட்டால் அங்கே இருந்தது மருந்து அல்ல, குளிரூட்டும்போது படிகத்தில் பனி கட்டாமல் இருக்க நானே ஊற்றிய கிளிசரின். ஆசைப்படுகிறவர்களுக்கு எந்தப் புகையிலும் ஒரு முகம் தெரியும். மிட்டாயை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் தேன்மொழியையும் அந்தத் துண்டை அழிக்கச் சொன்னேன். அழிக்க அவளுக்கு மனசே வரவில்லை. “பாவி மேடம் நீங்க” என்று முனகிக்கொண்டே அழித்தாள். கணக்கு ஓடி முடியும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஓடி முடிந்தது. நாங்கள் இல்லை என்று சொன்ன இடத்தில் துண்டு இருந்தது, முன்னைவிடத் தெளிவாக. இப்போது குதி என்றேன். ஆனால் அவள் மேஜையில் தலையை வைத்து அழுதுவிட்டாள், குதித்தது நான்தான்.

அவன் கட்டுரை முதலில் வந்தது, அதில் அவளுக்கு நன்றி இருந்தது. பிடிக்கிற கையைப் பற்றிய கட்டுரை பிறகு வந்தது, அது அவளுடையது, அதில் அவனுக்கு நன்றி இருந்தது. தீசிஸ் நின்றது. வைவா அன்று அவள் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமலே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். துறைத் தலைவர் தன் கையாலேயே எல்லாருக்கும் போண்டா எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வைவா இல்லை. அதற்கு முன்னால், தன்னுடைய உருவத்தை அவள் வங்கியில் போட்ட நாள். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள், கடைசியில் அந்தக் கேள்வி வந்து நின்றது. உடனே திறக்கவா, பூட்டி வைக்கவா? கட்டுரை அப்போது இன்னும் அச்சாகாமல் யார் மேஜையிலோ இருந்தது. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் யோசிக்காமல் திறப்பதன் மேல் அம்புக்குறியை வைத்தாள்.

“தேனு, இரு” என்றேன். “கல்லுன்னா சொல்லலாம், மீனுன்னா மறைக்கலாம்னு நீதானே சொன்ன. இது கல்லு இல்லடி. இதுதான் மீனு.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். குப்பத்தில் பிறந்த நீங்களா இதைக் கேட்பது என்கிற மாதிரி ஒரு பார்வை.

“கடல்ல கீற வரைக்கும்தான் மேடம் மறைப்பாங்க. கரைக்குக் கொண்டாந்தப்புறம் மீன ஆராவது மூடி வெப்பாங்களா?” என்று சொல்லிவிட்டு அழுத்தினாள்.